ஒரே வேலை, ஓயாத மாற்றம்

மனிதரின் 8ஆம் குரோமோசோமையும், சிம்பன்சியிடம் அதற்கு இணையாக உள்ள குரோமோசோமையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுக்கொண்டே போகலாம். வெகுதூரம் வரை சிக்கல் இருக்காது. நூறு எழுத்துக்கு ஒன்றோ, அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ மாறியிருக்கும், மற்றதெல்லாம் அப்படியே. மரபணுக்களின் வரிசையும் அவற்றுக்கிடையே உள்ள தூரமும் பொருந்தும். எப்போதோ வந்து ஒட்டிக்கொண்ட பழைய வைரஸ் துணுக்குகள்கூட இரண்டிலும் அதே இடத்தில் கிடக்கும். ஆனால், குரோமோசோம் இடுங்கிக் குறுகும் இடத்தை நெருங்க நெருங்க இந்த ஒற்றுமை தேய்கிறது. நடுவில் இருபது லட்சம் எழுத்து நீளமுள்ள ஒரு பகுதியில் எந்த எழுத்துக்கு எது இணை என்று சொல்லவே வழியில்லாமல் போகிறது. அறுபது, எழுபது லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை மனிதருக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை இருந்தது. மற்ற இடங்கள் அதிகம் கலையாத அந்தக் கால அளவுக்குள் இந்த இடம் மட்டும் முழுக்க ஆள் மாறிவிட்டது.

அதுதான் சென்ட்ரோமியர். ஒதுக்குப்புறமான, இருந்தாலும் போனாலும் ஒன்றுதான் என்கிற இடமாக அது இருந்தால் இந்த மாற்றத்தில் வியப்பில்லை. உண்மை நேர்மாறானது. செல் பிரியும்போது இரட்டிப்பான குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்லும் கதிர்கோல் இழைகள் வந்து பற்றுவது இந்த இடத்தைத்தான். ஜெர்மனியின் வால்தர் ஃப்ளெமிங் 1882இல் செல் பிரிவைப் பற்றிய தன் நூலில் வரைந்த படங்களிலேயே குரோமோசோம்கள் இழுபடும் விதம் தெரிகிறது. பிடிமானம் தவறினால் ஒரு செல்லுக்கு ஒரு குரோமோசோம் கூடும், இன்னொன்றுக்குக் குறையும். கருமுட்டை உருவாகும்போது 21ஆம் குரோமோசோம் சரியாகப் பிரியாமல் போவதுதான் டவுன் சிண்ட்ரோமுக்குப் பெரும்பாலும் காரணம். புற்றுநோய்ச் செல்களில் குரோமோசோம் கணக்கு குளறுபடியாவதிலும் இந்தப் பிடிமானத்துக்குப் பங்குண்டு.

இத்தனை முக்கியமான பகுதியைப் பரிணாமம் கைவைக்காமல் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும். புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் மரபணுக்கள் பாக்டீரியாவிலிருந்து மனிதர்வரை அடையாளம் காணும்படி ஒத்திருக்கின்றன அல்லவா? வேலை மாறாவிட்டால் எழுத்தும் மாறாது என்பதுதான் உயிரியலில் நாம் பழகிய வழக்கம். சென்ட்ரோமியர் அந்த வழக்கத்துக்கு அடங்கவில்லை. ஏன் அடங்கவில்லை என்ற கேள்விக்கு இப்போது கிடைத்துவரும் விடை, குரோமோசோம்களைப் பற்றி நாம் வைத்திருந்த சாதுவான படத்தையே கலைத்துவிடக்கூடியது.

முதலில் அந்த எழுத்துகளைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். 1971இல் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் டி.என்.ஏ.வில் ஒரு வகைத் துண்டு திரும்பத் திரும்ப வருவது கண்டறியப்பட்டது. ஆல்ஃபா சாட்டிலைட் என்று பெயர் பெற்ற அந்தத் துண்டு மனிதரிடமும் இருப்பது அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தெரிந்தது. ஓர் அலகின் நீளம் சுமார் 171 எழுத்து. ஏ, டி என்ற இரண்டு எழுத்துகளும் அதில் தூக்கலாக இருக்கும். புரதம் எதற்கும் அதில் குறிப்பு இல்லை. இந்த 171 எழுத்து முடிந்ததும் இன்னொரு 171, அது முடிந்ததும் இன்னொன்று என்று லட்சக்கணக்கில் நீள்கிறது.

வெறும் நகல் வரிசை என்று இதைத் தள்ளிவிட முடியாது என்று 1980களில் காட்டியவர்கள் ஹன்டிங்டன் வில்லார்டும் ஜான் வேயும். எக்ஸ் குரோமோசோமை எடுத்துக்கொள்வோம். அதில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு அலகுகளை ஒப்பிட்டால் எழுத்துகளில் கால் பங்குக்கும் மேல் வேறுபடலாம். தூரத்து உறவு என்றுதான் சொல்ல முடியும். ஆனால், முதல் அலகையும் பதின்மூன்றாம் அலகையும் ஒப்பிட்டால் இரட்டைப் பிறவிகள்போல் இருக்கின்றன. இரண்டாவது பதினான்காவதை ஒத்திருக்கிறது, மூன்றாவது பதினைந்தாவதை. அதாவது, வெவ்வேறான பன்னிரண்டு அலகுகள் சேர்ந்து சுமார் 2,057 எழுத்து நீளமுள்ள ஒரு கோவை. அந்தக் கோவைதான் முழுதாகத் திரும்பத் திரும்ப வருகிறது. முழுமையாகப் படிக்கப்பட்ட முதல் எக்ஸ் குரோமோசோமில் இப்படி ஏறக்குறைய 1,500 கோவைகள், மொத்தம் 31 லட்சம் எழுத்துகள். 17ஆம் குரோமோசோமில் கோவைக்குப் பதினாறு அலகு, ஒய் குரோமோசோமில் முப்பத்து நான்கு. மகாக் குரங்குகளிடமோ இரண்டே அலகு கொண்ட எளிய அமைப்புதான். நீண்ட கோவைகள் மனிதரும் வாலில்லாக் குரங்குகளும் சார்ந்த கிளையில்தான் பெருகியிருக்கின்றன.

இந்த அமைப்புதான் மனித ஜீனோம் திட்டத்தை மண்டியிட வைத்தது. 2003இல் திட்டம் முடிந்தது என்று அறிவித்தபோது எல்லாக் குரோமோசோம்களின் நடுவிலும் ஓட்டை இருந்தது. அன்றைய கருவிகள் ஒரு முறைக்கு ஐந்நூறு, ஆயிரம் எழுத்துகளைத்தான் படிக்கும். படித்த துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி முழு வரிசையை உருவாக்க வேண்டும். 99 சதவீதத்துக்கும் மேல் ஒன்றேபோல் இருக்கும் 1,500 கோவைகளில் கையிலுள்ள துண்டு எதிலிருந்து வந்தது என்று யார் சொல்வது? ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்த இடங்கள் வெற்றிடமாகவே விடப்பட்டன. அங்கே மரபணு எதுவும் இல்லை, குப்பைதான் என்ற எண்ணமும் அந்தப் பொறுமைக்குத் துணைபோனது. அறிவியலில் ஒரு பகுதியைக் கடினம் என்று ஒத்திவைப்பது புரிகிறது. கடினம் என்பதற்காகவே அது முக்கியமில்லை என்று சொல்லிக்கொள்வது வேறு விஷயம். இங்கே இரண்டும் கலந்துதான் நடந்தன.

ஓட்டையை அடைக்க இரண்டு வசதிகள் கூடிவர வேண்டியிருந்தது. ஒன்று, ஒரே வீச்சில் லட்சம் எழுத்துக்கும் மேல் படிக்கும் நானோபோர் கருவிகளும், சுமார் இருபதாயிரம் எழுத்தைப் பிழையே இல்லை என்னும் அளவுக்குத் துல்லியமாகப் படிக்கும் கருவிகளும். மற்றொன்று, தகுந்த ஒரு செல். சாதாரணச் செல்லில் தாய் வழி, தந்தை வழி என்று ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு இருக்கும்; ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு வரிசைகள் கலந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். முத்துப்பிள்ளை கர்ப்பம் என்று மருத்துவர்கள் சொல்லும் நிலையில், தாயின் குரோமோசோம்கள் இல்லாத முட்டைக்குள் ஒரு விந்தணு நுழைந்து, அதன் குரோமோசோம்களே இரட்டிப்பாகிவிடுவது உண்டு. அப்படி உருவான செல்லில் இரண்டு பிரதிகளும் ஒன்றே. சி.எச்.எம்.13 எனப்படும் அத்தகைய செல் வரிசையைக் கொண்டு, கேரன் மீகா, ஆடம் ஃபிலிப்பி தலைமையிலான கூட்டமைப்பு 2020இல் எக்ஸ் குரோமோசோமை முழுமையாகப் படித்தது. 2021இல் 8ஆம் குரோமோசோம் முடிந்தது. 2022இல் ஒய் தவிர மற்ற எல்லாமும் 305 கோடி எழுத்துகளாக வெளிவந்தன. புதிதாகச் சேர்ந்தவை மட்டும் சுமார் 20 கோடி எழுத்துகள். சென்ட்ரோமியரும் அதைச் சுற்றியுள்ள பகுதியும் ஜீனோமில் ஆறு சதவீதத்துக்கும் மேல் என்று அப்போதுதான் சரியாகத் தெரிந்தது. புரதங்களுக்கான குறிப்புகள் எல்லாம் சேர்ந்தே இரண்டு சதவீதத்தைத் தாண்டாது என்பதை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது எக்ஸ் குரோமோசோமில், சென்ட்ரோமியரின் இருபுறமும் நீளும் கைகளில் குட்டையானதிலிருந்து மையத்தை நோக்கி நடக்கலாம். மரபணுக்கள் தீர்ந்ததும் முதலில் எதிர்ப்படுவது கோவையாகச் சேராத, தனித்தனியான ஆல்ஃபா சாட்டிலைட் அலகுகள். எழுத்துப் பிழைகள் மலிந்து, ஒன்றுக்கொன்று ஒப்புமை குறைந்து, சிதைந்து கிடக்கும். அவற்றின் நடுவே எல்1 என்னும் தாவும் துணுக்குகள் செருகியிருக்கும். எல்1 துணுக்குகளில் எந்த ரகம் எந்தக் காலத்தில் தாவியது என்பது ஓரளவு தெரிந்த சங்கதி. ஆகவே, துணுக்கின் ரகத்தைக் கண்டால் அது செருகப்பட்டபோது அந்த மண் அங்கே ஏற்கனவே இருந்திருக்கிறது என்று காலம் குறிக்கலாம். மேரி ஷூலர், வில்லார்டு குழுவினர் 2001இலும் அதற்குப் பின்னும் இதைத்தான் செய்தார்கள். வெளி ஓரத்தில் பழைய எல்1 ரகங்கள். உள்ளே போகப் போக இளைய ரகங்கள். கோவைகள் தொடங்கும் இடத்தில் அநேகமாக ஒன்றுமே இல்லை. துணுக்கு வந்து விழக்கூட நேரமில்லாத அளவுக்கு அது புதிய மண்.

தொல்லியல் குழியில் மேலே இருப்பது புதிது, ஆழத்தில் இருப்பது பழையது. சென்ட்ரோமியரில் புதியது நடுவில் முளைக்கிறது. பழையது இரண்டு பக்கமும் தள்ளப்பட்டு ஓரத்தில் அடுக்கடுக்காகப் படிகிறது. இன்று நம் குரோமோசோம் ஓரங்களில் செத்துக் கிடக்கும் அலகுகள் ஒரு காலத்தில் நம் மூதாதைக் குரங்குகளின் உயிருள்ள மையமாக இருந்தவை. ரஷ்ய ஆய்வாளர் இவான் அலெக்சாண்ட்ரோவின் குழு 2009இல் இந்த அடுக்குகளை வரிசைப்படுத்திக் காட்டியபோது, முதனிகளின் கிளைகள் பிரிந்த வரலாற்றோடு அது பொருந்தி வந்தது. எலும்புப் புதைபடிவமே கிடைக்காத காலங்களுக்கும் நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் ஓர் ஆவணம் இருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

நடுவில் புதியது எப்படி முளைக்கிறது? இதற்கு ஒரு பொதுவான விளக்கத்தை 1976இலேயே கொடுத்தவர் ஜார்ஜ் ஸ்மித். பின்னாளில், முற்றிலும் வேறான ஓர் ஆய்வுக்காக 2018இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற அதே ஸ்மித். ஒரே மாதிரியான துண்டுகள் வரிசையாக நிற்கும்போது, இரண்டு இழைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து பொருந்துகையில் ஓரிரு துண்டு நகர்ந்து பொருந்திவிட வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் இழைகள் வெட்டி ஒட்டிக்கொண்டால் ஒன்றில் சில துண்டுகள் கூடும், மற்றதில் அதே அளவு குறையும். இப்படிக் கூடியும் குறைந்தும் போகப் போக, ஏதோ ஒரு துண்டின் பிரதிகள் மற்றவற்றை ஓரங்கட்டி வரிசை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். இயற்கைத் தேர்வு தலையிடாவிட்டாலும் இது நடக்கும் என்று ஸ்மித் கணக்கிட்டுக் காட்டினார். அதனால்தான் ஒரு குரோமோசோமுக்குள் கோவைகள் ஒன்றுபோல் இருக்கின்றன, வேறு இனத்தின் குரோமோசோமோடு ஒப்பிட்டால் அடையாளமே தெரிவதில்லை.

மையத்தை ஒட்டிய ஓரங்களில் வேறொரு கதையும் நடக்கிறது. அது சாட்டிலைட்டுகளின் கதையல்ல. எங்கிருந்தோ பிய்ந்து வந்த மரபணுத் துண்டுகள் அங்கே குடியேறியிருக்கின்றன. 1997இல் எவன் ஐக்லர் குழுவினர் விவரித்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அட்ரினோலூக்கோடிஸ்ட்ரோபி என்ற கொடிய நரம்பு நோய்க்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமின் நுனியருகே இருக்கிறது. அதன் கடைசிப் பகுதியிலிருந்து சுமார் 9,700 எழுத்துகள் நகலாகி 2, 10, 16, 22 ஆகிய நான்கு குரோமோசோம்களிலும் சென்ட்ரோமியரின் விளிம்பில் போய் ஒட்டியிருக்கின்றன. நடந்தது சுமார் 50 லட்சம் முதல் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்பு. மனிதக் கிளையும் ஆப்பிரிக்க மனிதக் குரங்குகளின் கிளைகளும் பிரிந்த காலத்தை ஒட்டி. இது ஏட்டளவிலான சேதி அல்ல. இந்த நோய்க்கு மரபணுப் பரிசோதனை செய்யும் ஆய்வகங்கள், தாங்கள் படிப்பது உண்மையான மரபணுவையா, அதன் செயலிழந்த நகலையா என்று இன்றும் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஓரங்களை விட்டு மீண்டும் மையத்துக்கு வருவோம். ஸ்மித்தின் விளக்கம் எப்படி மாறுகிறது என்பதைச் சொல்கிறது. வேலை கெடாமல் இது எப்படி நடக்கிறது, இவ்வளவு வேகம் ஏன் என்பவை மிச்சம். 2001இல் ஸ்டீவன் ஹெனிகாஃப், கமி அகமது, ஹர்மீத் மாலிக் மூவரும் ‘சயன்ஸ்’ இதழில் இதைச் சென்ட்ரோமியர் முரண் என்றே பெயரிட்டு ஒரு விடையை முன்வைத்தார்கள். மும்பை ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படித்துவிட்டு உயிரியலுக்கு வந்தவர் மாலிக்; சியாட்டிலில் ஃபிரெட் ஹட்சின்சன் மையத்தில் பணியாற்றுகிறார்.

அவர்களுடைய விடை பெண்ணின் கருமுட்டையில் தொடங்குகிறது. ஆணிடம் விந்தணு உருவாகும்போது ஒரு செல் நான்காகப் பிரிந்தால் நான்குமே விந்தணுக்கள். கருமுட்டை அப்படியல்ல. பிரிவில் கிடைப்பவற்றில் ஒன்றுதான் முட்டை. மற்றவை துருவ செல்கள் என்ற பெயரில் சிறுத்து அழிந்துபோகும். தாய்க்கு அவளுடைய அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு 8ஆம் குரோமோசோம்கள் இருந்தால், இரண்டில் ஒன்றுதான் முட்டைக்குள் போய் அடுத்த தலைமுறையைக் காணும். சரிபாதி வாய்ப்பு என்பது மெண்டலின் விதி. ஆனால், இரண்டில் ஒன்றின் சென்ட்ரோமியர் சற்றுப் பெரிதாக, அதிகப் புரதங்களைத் தன்மேல் சேர்த்துக்கொண்டு, இழைகளை வேறுவிதமாகப் பிடிக்குமானால்? முட்டையாகப் போகும் பக்கத்துக்குத் திரும்ப அதற்குக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு கிடைத்தாலும் போதும். தலைமுறைகள் கடக்கக் கடக்க அந்தச் சென்ட்ரோமியரே எங்கும் பரவிவிடும். அதனால் அந்த உயிருக்கு ஒரு நன்மையும் இருக்க வேண்டியதில்லை.

அதோடு நிற்காது. வலுவான ஒன்றும் மெலிந்த ஒன்றும் ஜோடி சேரும்போது பிரிவில் தடுமாற்றம் வரலாம். குறிப்பாக ஆண்களின் இனப்பெருக்கத் திறன் பாதிக்கப்படலாம். எனவே சென்ட்ரோமியரில் உட்காரும் புரதங்கள் மாறி, ஏற்றத்தாழ்வைச் சமன் செய்தால் அந்த மாற்றம் தேர்வாகும். பிறகு டி.என்.ஏ. மறுபடி ஒரு புது வழி தேடும். புரதம் மறுபடி துரத்தும். இந்தத் துரத்தல் உண்மையானால் டி.என்.ஏ. மட்டுமல்ல, சென்ட்ரோமியர்ப் புரதங்களும் வழக்கத்தைவிட வேகமாக மாறியிருக்க வேண்டும். குரங்கு இனங்களில் தேடிப் பார்த்தபோது சென்ப்-ஏ, சென்ப்-சி உள்ளிட்ட புரதங்களில் அந்தத் தடயம் கிடைத்தது.

நேரடிச் சான்று எலிகளிடமிருந்து வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லாம்ப்சனின் ஆய்வகம், பெரிய சென்ட்ரோமியர் கொண்ட ஓர் எலி வகையையும் சிறிய சென்ட்ரோமியர் கொண்ட இன்னொரு வகையையும் கலந்து, பிறந்த பெண் எலிகளின் முட்டைகளை நுண்ணோக்கியில் கவனித்தது. பெரிய சென்ட்ரோமியர்கள் முட்டைப் பக்கத்துக்கே அதிகமாகத் திரும்பின. கதிர்கோலின் இரு பாதிகளும் ஒரே தன்மை கொண்டவை அல்ல என்றும், செல்லின் விளிம்பை ஒட்டிய பாதியில் பற்றிக்கொண்ட வலுவான சென்ட்ரோமியர் அந்தப் பிடியை விட்டுவிட்டு மறுபக்கம் புரண்டுகொள்கிறது என்றும் 2017இல் அந்தக் குழு காட்டியது. உருவகமாகச் சொல்லப்பட்டு வந்த போட்டியைக் கண்ணால் பார்க்கும் நிலை வந்தது.

மனிதரிடமும் மறைமுகச் சான்று உண்டு. 13, 14, 15, 21, 22 ஆகிய குரோமோசோம்களில் இரண்டு ஒட்டி ஒன்றாகிவிடுவது ஏறக்குறைய ஆயிரம் பேரில் ஒருவருக்குக் காணப்படுகிறது. இப்படி ஒட்டிய குரோமோசோம் உள்ள தாய்மாரின் குழந்தைகளை எண்ணிப் பார்த்ததில், அது பாதியைவிட அதிகமான குழந்தைகளுக்குப் போயிருந்தது. ஒய் குரோமோசோமையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அது ஒருபோதும் கருமுட்டை உருவாக்கத்தில் பங்கேற்பதில்லை. 2018இல் முதன்முதலாக முழுதாகப் படிக்கப்பட்ட ஒய் சென்ட்ரோமியரின் நீளம் எக்ஸில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். மற்ற எல்லா மனிதச் சென்ட்ரோமியர்களிலும் சென்ப்-பி என்ற புரதம் வந்து அமர 17 எழுத்து இருக்கை ஒன்று இருக்கிறது, ஒய்யில் மட்டும் இல்லை. போட்டியில் இறங்காததால்தான் அது இப்படி என்று இதை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனாலும், பொருத்தம் கவனிக்கத் தக்கது.

எழுத்துகள் இப்படி மாறிக்கொண்டே இருந்தால் செல்லுக்குத் தன் சென்ட்ரோமியர் எது என்று எப்படித் தெரிகிறது? இதற்கு விடை தந்தது நோயாளிகளின் ரத்தம். தோல் இறுகிப்போகும் ஸ்க்லிரோடெர்மா என்ற நோயில் உடல் தன் சொந்தப் புரதங்களையே எதிர்க்கும். அந்த நோயாளிகள் சிலரின் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் குரோமோசோம்களின் நடுவில் மட்டும் போய் ஒட்டின. அவற்றைத் தூண்டிலாக வைத்து 1985இல் வில்லியம் எர்ன்ஷாவும் நவோமி ராத்ஃபீல்டும் மூன்று புரதங்களைப் பிடித்தார்கள். அவற்றில் முதலாவது சென்ப்-ஏ. டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களில் ஒன்றின் மாற்று வடிவம் அது. சென்ப்-ஏ எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அங்கேதான் இழை பற்றும். செல் பிரிந்தபின், ஏற்கனவே இருக்கும் சென்ப்-ஏயைப் பார்த்துப் புதிய சென்ப்-ஏ அதன் பக்கத்திலேயே வந்து அமரும். ஆகவே இடம் கைமாறுவது பெரும்பாலும் எழுத்து வழியாக அல்ல, புரதம் வழியாக.

1993இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் ஒரு குழந்தையின் உடைந்த 10ஆம் குரோமோசோமில் இதற்கு வலுவான ஆதாரம் கண்டார்கள். வழக்கமான சென்ட்ரோமியர் அதிலிருந்து பிய்ந்து போயிருந்தது. ஆனால், ஆல்ஃபா சாட்டிலைட் ஒரு துளியும் இல்லாத வேறோர் இடத்தில் புதிய சென்ட்ரோமியர் முளைத்துச் சரியாக வேலை செய்துகொண்டிருந்தது. நோய்க்கூற்றில் மட்டும் நடப்பதல்ல இது. ஒராங்குட்டான்களின் ஒரு குரோமோசோமில் சில விலங்குகளுக்குப் பழைய இடத்தில் சென்ட்ரோமியர், சிலவற்றுக்கு ஆல்ஃபா சாட்டிலைட்டே இல்லாத புதிய இடத்தில். போர்னியோ, சுமத்ரா இரண்டிலும் இரு வகையும் இருக்கின்றன. இடம்பெயர்ந்த சென்ட்ரோமியர் எந்தக் குறையும் இல்லாமல் காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது.

எதிர்ப்பக்கத்து எடுத்துக்காட்டு நம்மிடமே இருக்கிறது. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டானுக்கு 48 குரோமோசோம்கள், நமக்கு 46. 1982இல் யூனிஸும் பிரகாஷும் குரோமோசோம் பட்டைகளை ஒப்பிட்டு, மனிதக் குரங்குகளின் இரண்டு குரோமோசோம்கள் ஒன்றாகி நம் 2ஆம் குரோமோசோம் உருவாகியிருக்கிறது என்று படம் போட்டுக் காட்டினார்கள். 1991இல் ஒட்டிய இடமே எழுத்தளவில் கிடைத்தது: குரோமோசோம் நுனியில் மட்டுமே வரவேண்டிய வரிசைகள் இரண்டு, நடுவில் முகத்தோடு முகம் முட்டி நின்றன. இரண்டு குரோமோசோம் ஒன்றானால் சென்ட்ரோமியரும் இரண்டு இருக்கும். இரண்டும் வேலை செய்தால் குரோமோசோம் இருபுறமும் இழுபட்டுக் கிழியும். ஒன்று அடங்க வேண்டியிருந்தது, அடங்கியது. நீண்ட கையில் இன்றும் ஆல்ஃபா சாட்டிலைட்டின் சிறு மிச்சம் இருக்கிறது. சென்ப்-ஏ அதன் பக்கம் வருவதில்லை.

மற்ற மனிதக் குரங்குகளிடம் மையம் போன வழி இன்னும் பலவிதம். மனிதரின் ஒரு குரோமோசோமில் உள்ள கோவையை எடுத்துச் சிம்பன்சியிடமும் கொரில்லாவிடமும் தேடினால், அது இணையான குரோமோசோமில் அல்லாமல் வேறு குரோமோசோம்களில் போய் ஒட்டுவதை 1990களிலேயே பார்த்தார்கள். எக்ஸ் மட்டும் விதிவிலக்காக நின்றது. 2025இல் சிம்பன்சி, போனோபோ, கொரில்லா, இரு ஒராங்குட்டான்கள், சியாமாங் கிப்பன் ஆகியவற்றின் ஜீனோம்கள் நுனி முதல் நுனி வரை படித்து வெளியிடப்பட்டபோது ஒப்பீடு துல்லியமானது. போனோபோவின் பல குரோமோசோம்களில் கோவை வரிசை வெறும் லட்சம் எழுத்து அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. சிம்பன்சியிடமிருந்து போனோபோ பிரிந்து இருபது லட்சம் ஆண்டுகூட ஆகவில்லை. அதற்குள் இவ்வளவு. சியாமாங்கிடமோ ஆல்ஃபா சாட்டிலைட் மையத்தோடு நிற்காமல் குரோமோசோம் நுனிகளிலும் குவிந்திருக்கிறது.

கிப்பன்கள் இந்த விஷயத்தில் யாருக்கும் அடங்காதவை. பேரினத்துக்குப் பேரினம் அவற்றின் குரோமோசோம் எண்ணிக்கையே 38, 44, 50, 52 என்று வேறுபடுகிறது. அஸ்ஸாம் காடுகளில் வாழும் ஹூலக் கிப்பன்தான் இந்தியாவின் ஒரே வாலில்லாக் குரங்கு. அதன் நெருங்கிய உறவான, மியான்மரில் வாழும் கிழக்கு ஹூலக்கின் சென்ட்ரோமியர்களில் 2012இல் லூசியா கார்போன் குழுவினர் எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். லாவா என்று பெயரிடப்பட்ட தாவும் துணுக்கு ஒன்று, கிப்பன்களுக்கு மட்டுமே உரியது, அங்கே பெருகி மையத்தையே நிரப்பியிருந்தது.

இனங்களுக்கு இடையே இப்படி என்றால், மனிதருக்குள்? சி.எச்.எம்.1 என்ற இன்னொரு செல் வரிசையின் சென்ட்ரோமியர்களை முழுமையாகப் படித்து, சி.எச்.எம்.13இன் சென்ட்ரோமியர்களோடு ஒப்பிட்டு 2024இல் கிளென்னிஸ் லாக்ஸ்டன், ஐக்லர் குழுவினர் வெளியிட்டார்கள். பக்கத்துப் பகுதிகளைவிடச் சென்ட்ரோமியரில் எழுத்து வேறுபாடு குறைந்தது நான்கு மடங்கு. நீளம் மூன்று மடங்குவரை கூடிக் குறைகிறது. சென்ட்ரோமியர் எழுத்துகளில் ஏறக்குறைய 46 சதவீதத்தை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தவே முடியவில்லை. கால் பங்குச் சென்ட்ரோமியர்களில் இழை பற்றும் இடம் ஐந்து லட்சம் எழுத்துக்கும் மேல் தள்ளியிருக்கிறது. மனிதருக்கு மனிதர் மற்ற இடங்களில் ஆயிரம் எழுத்துக்கு ஒன்றுதான் மாறும் என்று படித்து வந்த நமக்கு இந்த எண்கள் பழக நாளாகும்.

இவ்வளவு கலைந்தாலும் சென்ட்ரோமியரைச் சுற்றி ஓர் அசையாமையும் உண்டு. தாய் வழி, தந்தை வழிக் குரோமோசோம்கள் பகுதி மாற்றிக்கொள்ளும் குறுக்கேற்றம் அந்த இடத்தில் நடப்பதில்லை என்றே சொல்லலாம். ஆகவே, மையமும் அதன் இருபக்கத்து நெடும் பகுதியும் உடையாமல் ஒரே மூட்டையாகத் தலைமுறை கடக்கின்றன. 2019இல் சார்லஸ் லாங்லி குழுவினர் இந்த மூட்டைகளை வகைப்படுத்தியபோது, 11ஆம் குரோமோசோமின் மையத்தில் ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள மக்களில் சிலருக்கு நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்த மூட்டை இருப்பது தெரிந்தது. வாசனை அறியும் ஏற்பிகளின் மரபணுக்கள் பல அதற்குள் அடங்கியிருக்கின்றன.

இந்த மாற்றம் தலைமுறைக்கு எவ்வளவு என்பதையும் இப்போது அளக்கத் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பல்லாண்டுகளாக மரபியல் ஆய்வுகளில் பங்கெடுத்துவரும் ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறைகளைச் சேர்ந்த 28 பேருடைய ஜீனோம்கள் பல தொழில்நுட்பங்களில் படிக்கப்பட்டு 2025இல் வெளிவந்தன. கொள்ளுப்பாட்டியிடமிருந்து பாட்டிக்கு, அவரிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து குழந்தைக்கு என்று ஒரே சென்ட்ரோமியரை அங்கே பின்தொடர முடிகிறது. சிலவற்றில் பெற்றோரிடம் இருந்த வரிசைக்கும் பிள்ளையிடம் உள்ள வரிசைக்கும் நடுவிலேயே முழுக் கோவைகள் கூடியோ குறைந்தோ இருக்கின்றன.